கொம்பில்லாதவை

மான்விழி, மான்நோக்கு, மருண்ட பார்வை. பெண்ணைப் புகழ நம் மொழி கையோடு வைத்திருக்கும் பழைய சொற்கள் இவை. பள்ளியில் உவமை என்று எழுதி மதிப்பெண் வாங்கினோம். பெண் குழந்தைகளுக்குப் பெயராகவும் வைக்கிறோம். மானுக்கு ஏன் அப்படி ஒரு கண் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. மானின் கண்கள் தலையின் இரு பக்கங்களில் இருக்கின்றன. தலையைத் திருப்பாமலே அதனால் ஏறக்குறைய 300 பாகை அளவுக்குப் பார்க்க முடியும். கண்மணி படுக்கைவாட்டில் நீண்டிருக்கிறது. தரையோடு ஒட்டி நகர்ந்து வரும் எதையும் கவனிக்க ஏற்ற வடிவம் அது. தன்னைத் தின்ன வருகிறவர் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் தெரியவேண்டும் என்பதற்காக ஏற்பட்ட கண். ‘மருண்ட’ என்ற சொல்லிலேயே விஷயம் இருக்கிறது. பயந்து பார்ப்பதைத்தான் இத்தனை காலம் அழகு என்று சொல்லி வந்திருக்கிறோம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், தென்மேற்குப் பக்கத்து மலைச்சரிவுகளில், வில்லோடு போகும் ஒரு பெண்ணின் பின்னால் மூன்று இலையுதிர்காலம் நடந்து தெரிந்துகொண்டேன். வேலை நிமித்தம் நான் இங்கே குடிவந்தபோது பக்கத்து வீட்டுக்காரராக அறிமுகமானவர் அவர். அறுபதைத் தாண்டியவர், செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் வில்லைத் தொட்டதில்லை, வேட்டை உரிமமும் வாங்கியதில்லை. பின்னால் நடக்கிறவள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கறியைச் சாப்பிட்டிருக்கிறேன். ஆகவே வெளியே நின்று பேசுகிறேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அங்கே பெரும்பாலான வில்வேட்டைக்காரர்கள் மரத்தின் மேல் இருக்கை கட்டி, ஏறி உட்கார்ந்து, மான் கீழே வரும்வரை காத்திருக்கிறார்கள். இவர் தரையில் நடக்கிறார். ‘ஸ்டில் ஹண்டிங்’ என்று அதற்குப் பெயர். அசையாமல் இருப்பது என்று அந்தப் பெயரைக் கேட்டால் தோன்றும். ஓசையில்லாமல் நகர்வது என்பதே பொருள். இரண்டு அடி வைப்பார், நிற்பார். ஐந்து நிமிடம், சில சமயம் பத்து நிமிடம் நிற்பார். காற்று எப்போதும் முகத்தில் அடிக்க வேண்டும், முதுகில் பட்டால் அன்றைய வேலை முடிந்தது. வால்வெள்ளை மானுக்கு மூக்குதான் முதல் காவல். காற்றின் திசை பார்க்க எருக்கின் உறவுச் செடி ஒன்றின் பஞ்சைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். ஓர் இழையை விடுவார், அது போகும் வழியைப் பார்ப்பார். நம் ஊர் எருக்கம்பஞ்சு போலவேதான் பறக்கும். ஒரு மணி நேரத்தில் நூறு கெஜம் நடந்திருந்தால் வேகமாகப் போய்விட்டோம் என்பார்.

முழு மானைத் தேடாதே என்று முதல் நாளே சொன்னார். காட்டில் மரங்கள் எல்லாம் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. படுக்கையாக ஒரு கோடு தெரிந்தால் அது மானின் முதுகாக இருக்கலாம். ஒரு காதின் அசைவு. கருவாலி இலைகளுக்கு நடுவே ஈரமாகப் பளபளக்கும் மூக்கு. முதல் ஆண்டு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் மானைக் கண்ட தருணமெல்லாம் அது வெள்ளை வாலைக் கொடி போலத் தூக்கிக்கொண்டு ஓடும் தருணமாகவே இருந்தது. இரண்டாம் ஆண்டில் காது தெரிய ஆரம்பித்தது. அப்போதுதான் அந்தக் கண்ணையும் பார்த்தேன். அது எங்களைப் பார்த்தபடி முன்னங்காலால் தரையைத் தட்டியது. எங்களிடமிருந்து ஒரு தப்பு அசைவை வரவழைக்கும் முயற்சி அது.

இந்தக் கவனத்தைப் பற்றித்தான் எனக்குக் கேள்வி. இவ்வளவு பொறுமையோடு ஓர் உயிரைக் கவனிப்பவருக்கு அதைக் கொல்லும் உரிமை கூடுதலாகக் கிடைத்துவிடுகிறதா? கிடைக்கிறது என்பது வேட்டைக்காரர்கள் பலருடைய எண்ணம். மானை நாங்கள்தான் அறிவோம், அதனால் நேசிக்கிறோம். கடையில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய கறி வாங்குகிறவருக்கு அந்த நேசம் கிடையாது என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ‘உன்னை நன்றாக அறிந்தவன் நான், உன்மேல் உயிரையே வைத்திருக்கிறேன், ஆகவே’ என்று தொடங்கும் வாக்கியங்களை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்! பின்தொடர்வதையும் காதலையும் ஒன்றாக முடிச்சுப்போடுவது நமக்கும் புதிதல்ல. குறிஞ்சித் திணையில் தலைவன் தினைப்புனத்துக்கு எப்படி வருகிறான்? என் அம்பு தைத்த விலங்கு இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்டுக்கொண்டு வருகிறான். காதலுக்கு அது ஒரு சாக்கு. கேட்கப்படும் பெண்ணும் அடிபட்ட விலங்கும் ஒரே கேள்விக்குள் நிற்கிறார்கள்.

பாரம்பரிய வில்லை எடுப்பவர்கள் சொல்லும் இன்னொரு வாதம் நியாயம். துப்பாக்கியால் இருநூறு கெஜத்திலிருந்து சுடலாம். கப்பிகள் வைத்த நவீன வில்லும் எட்டத்திலிருந்து துல்லியமாக அடிக்கும். மரத்தாலான வில்லும் இறகு கட்டிய அம்பும் கொண்டு, குறிபார்க்கும் கருவி எதுவும் இல்லாமல், பதினைந்து இருபது கெஜத்துக்குள் வந்தால்தான் உண்டு. ஆகவே மானுக்கும் ஒரு வாய்ப்பு கொடுக்கிறோம் என்பார்கள். யாருக்கு நியாயம் இது? பந்தயம் நடக்கிறது என்று மானிடம் யாரும் சொல்லவில்லை. அம்பு குண்டைப் போல அதிர்ச்சியால் வீழ்த்துவதில்லை. இரத்தம் வடியவைத்துக் கொல்கிறது. நுரையீரலில் நேராகப் பாய்ந்தால் சில விநாடிகளில் மான் விழும். ஒரு சாண் தள்ளி வயிற்றில் பட்டால் பல மணி நேரம். ஆயுதம் எளிமையாக ஆக, கை நடுங்குவதற்கான விலையை மான்தான் கொடுக்கிறது. வேட்டைக்காரர் தனக்கு விதித்துக்கொள்ளும் கஷ்டம் மானுக்குச் செய்யும் மரியாதையாகத் தானாகவே மாறிவிடாது.

‘பாரம்பரிய’ என்ற சொல்லையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். யாருடைய பாரம்பரியம்? 1911 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில், ஒரு கசாப்புக் கூடத்தின் அருகே, பசியால் வாடிய ஒருவரைப் பிடித்தார்கள். யாஹி மக்களில் எஞ்சியிருந்த கடைசி மனிதர். அவருடைய மக்களை வெள்ளைக் குடியேறிகள் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கூட்டங்கூட்டமாகக் கொன்று தீர்த்திருந்தார்கள். 1908இல் நில அளவையாளர்கள் சிலர் அவர்களின் கடைசி மறைவிடத்தில் நுழைந்தபோது, நடக்க முடியாத அவருடைய தாய் போர்வைகளுக்கு அடியில் ஒளிந்து கிடந்தார். அளவையாளர்கள் அங்கிருந்த பொருள்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தத் தாயைப் பற்றி நமக்குத் தெரிவது ஏறக்குறைய இவ்வளவுதான். தன் பெயரை அவர் மகன் யாரிடமும் சொல்லவில்லை. ‘இஷி’ என்று அழைத்தார்கள். அவர் மொழியில் அதற்கு மனிதன் என்று பொருள். பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கவைக்கப்பட்ட அவரிடம், அருகில் இருந்த மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் சாக்ஸ்டன் போப் வில் செய்யவும் அம்பு எய்யவும் கற்றுக்கொண்டார். 1916இல் இஷி காசநோயால் இறந்தார். 1923இல் போப் வில்வேட்டை பற்றிய புத்தகம் எழுதினார். அமெரிக்காவில் இன்றைய வில்வேட்டை மரபின் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறார்கள். இஷியின் மூளையைத் தனியே எடுத்து வைத்திருந்தார்கள்; 2000ஆம் ஆண்டில்தான் அது அவருக்கு உறவான பழங்குடியினரிடம் திரும்பி வந்தது. மனிதரை வேட்டையாடி முடித்தபின் எஞ்சியவரிடம் மான்வேட்டை கற்ற பாரம்பரியம் இது. என் பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்தக் கதை முழுக்கத் தெரியும். நாங்கள் நடக்கும் சரிவுகள் ஹோ-சங்க் மக்கள் திரும்பத் திரும்ப விரட்டப்பட்ட நிலம் என்பதையும் அவர்தான் சொன்னார்.

போப்பின் பெயரையும் அவருடைய தோழர் ஆர்ட் யங்கின் பெயரையும் சேர்த்து 1961இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். வில்லால் வீழ்த்திய விலங்குகளுக்கு அது மதிப்பெண் போட்டுப் பதிவு செய்கிறது. வால்வெள்ளை மானுக்கு மதிப்பெண் கொம்பை அளந்துதான். பெண்மானுக்குக் கொம்பு கிடையாது, ஆகவே மதிப்பெண்ணும் கிடையாது. அரசின் வேட்டை விதிகளைப் பாருங்கள். விஸ்கான்சினில் பெண்மானுக்கென்று தனி அனுமதிச் சீட்டு இல்லை; ‘கொம்பில்லாத’ மானுக்கான சீட்டுத்தான். பெண்மான், குட்டி, மூன்று அங்குலம்கூடக் கொம்பு வளராத ஆண்குட்டி எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். தன்னிடம் இல்லாத ஒன்றால் பெயர் பெறுவது பெண்ணுக்குப் பழகிய அனுபவம். இத்தனைக்கும் ஆண்மானின் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்துவிடுகிறது. குளிர்காலத்தின் பிற்பகுதியில் அதுவும் கொம்பில்லாததுதான். மான் கூட்டம் பெருகுவதைக் கட்டுப்படுத்தப் பெண்மானைத்தான் குறைக்கவேண்டும் என்பது வனத்துறைக் கணக்கு. சுவரில் மாட்டத் தேவைப்படுவதோ ஆண். கணக்குக்கு ஒன்று, பெருமைக்கு ஒன்று.

பெண்ணும் வேட்டையாடினாள் என்று நிறுவுவதில் பெண்ணியர் சிலருக்கு மகிழ்ச்சி உண்டு. எனக்கும் உண்டு. 1966இல் சிகாகோவில் ‘வேட்டையாடும் ஆண்’ என்று தலைப்பிட்டு ஒரு கருத்தரங்கு நடத்தி, மனித குலத்தின் அறிவு, கூட்டுறவு, கருவி எல்லாவற்றுக்கும் ஆண்களின் வேட்டையே வேர் என்ற எண்ணத்துக்குப் பெரும் வலுச் சேர்த்தார்கள். 2020இல் பெருவின் மலைப்பகுதியில் 9,000 ஆண்டுப் பழமையான ஒரு புதைகுழி பற்றிய ஆய்வு வெளிவந்தது. வேட்டைக் கருவிகளோடு புதைக்கப்பட்டவர் இருபது வயதுகூட ஆகாத ஒரு பெண். அந்தச் செய்தியைப் படித்த அன்று நானும் தோழிகளுக்கு அனுப்பினேன். ஆனால் ‘நாங்களும் கொன்றோம்’ என்பது எந்தக் கேள்விக்கு விடை? ஆண்தான் செய்தான் என்ற பொய்க்கு விடை. செய்வது சரியா என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. 2016இல் விஸ்கான்சின் அரசு, துப்பாக்கி வேட்டைக் காலத்தில் அணியும் பளிச்சென்ற ஆரஞ்சு உடைக்குப் பதிலாக ரோஸ் நிறமும் அணியலாம் என்று சட்டம் போட்டது, பெண்களை வேட்டைக்கு இழுக்க. அதைப் பற்றி என் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். மானுக்கு அந்த நிற வித்தியாசமெல்லாம் தெரியாது, அதனிடமிருந்து சட்டசபைக்காரர்கள் கற்றுக்கொள்ளலாம் என்றார்.

ஒரு செப்டம்பர் கடைசியில் அவர் பெண்மான் ஒன்றை எய்தார். பதினான்கு கெஜம். கருவாலிக் கொட்டைகளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது. வில் வளைந்ததை நான் பார்த்தேன், அம்பு போனதைப் பார்க்கவில்லை. மான் துள்ளியது, ஓடியது, காட்டுக்குள் ஏதோ முறியும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அரைமணி நேரம் அசையக்கூடாது. உடனே போனால், உயிர் இருந்தால் எழுந்து இன்னும் தூரம் ஓடும். அந்த அரைமணி நேரம் நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு அம்பைக் கண்டெடுத்து அதிலிருந்த இரத்தத்தைப் பார்த்தார். இளஞ்சிவப்பாக, நுரையோடு இருந்தால் நுரையீரல். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். பச்சையாக நாற்றமடித்தால் குடல், திரும்பிப் போய்ப் பல மணி நேரம் கழித்து வரவேண்டும். நுரை இருந்தது. நாற்பது கெஜம் தள்ளிக் கிடந்தது மான். கண் திறந்தே இருந்தது.

வயிற்றைக் கீறத் திருப்பியபோது மடியில் கை பட்டது. பால் இருந்தது.

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு செவிலியரின் குரலில், மே கடைசியிலோ ஜூனிலோ பிறந்த குட்டிகள் இந்நேரம் இலைதழை தின்னப் பழகியிருக்கும், தாயில்லாமல் பிழைக்கும் என்றார். அது உண்மை. பத்து வாரத்தில் குட்டியால் பாலில்லாமல் வாழ முடியும். உண்மையைச் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் கத்தியை எடுக்கவில்லை.

என் மனம் அன்று கனத்தது நிஜம். ஆனால் அந்தக் கனத்தையே நான் சந்தேகிக்கிறேன். மடி வறண்டிருந்தால் என் வருத்தம் பாதியாகி இருக்குமா? குட்டி போடாத பெண்மான், கிழட்டுப் பெண்மான், இவற்றின் உயிருக்குத் தன்னளவில் எடை கிடையாதா? பெண்ணைத் தாயாக்கிய பிறகே அவளுக்கு ஓர் உயிருக்கான மதிப்பைத் தருகிற ஊரில் வளர்ந்த மனம், காட்டிலும் அதே தராசைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. பால் எனக்குக் காட்டியது தாய்மையின் புனிதத்தை அல்ல என்றே இப்போது நினைக்கிறேன். அந்த மானுக்கு எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு நாள் இருந்தது, போகவேண்டிய இடம் இருந்தது, அன்று காலைக்கு ஒரு தொடர்ச்சி இருந்தது. வறண்ட மடியுள்ள மானுக்கும் அது இருக்கும். கண்ணுக்குத் தெரியும்படி ஓர் அடையாளம் இருக்காது, அவ்வளவே.

வேட்டைக்காரர்களிடையே ஒரு பேச்சு வழக்கம் உண்டு: மான் தன்னைக் கொடுத்தது என்பார்கள். பழங்குடி மக்கள் சிலரின் நம்பிக்கையில் இதற்கு ஆழமான இடம் உண்டு. விலங்குக்கும் மனிதருக்கும் இடையே கடன், கடமை, தடை என்று ஒரு முழு ஒழுங்கே அதைச் சுற்றி இருக்கிறது. அந்த ஒழுங்கை விட்டுவிட்டு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் சொல்லும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. பதுங்கி நின்று, வாடை போகாமல் காற்றைப் பார்த்து, முகத்தை மறைத்து எய்துவிட்டு, அது சம்மதித்தது என்பதா? சம்மதம் என்ற சொல்லை எவ்வளவு போராடி ஒரு பொருளுக்குக் கொண்டுவந்திருக்கிறோம்! என் பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பேச்சைப் பேசுவதில்லை. அன்று மானை இழுத்துக்கொண்டு போகும்போது நானே கேட்டேன். “அது எதையும் தரவில்லை. நான் எடுத்தேன்” என்றார். அவரிடம் எனக்குள்ள மதிப்பு பெரும்பாலும் அந்த இரண்டு வாக்கியங்களால் ஆனது.

கறியும் ஆணாதிக்கமும் கைகோத்து நடப்பவை என்று கரோல் ஆடம்ஸ் 1990இல் எழுதினார். கறி என்ற பெயர் வந்ததும் அந்த விலங்கு காணாமல் போய்விடுகிறது என்ற அவருடைய வாதத்தை என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் தரையில் நடந்து வில்லால் கொல்லும் பெண்ணிடம் விலங்கு காணாமல் போகவில்லை. மூன்று மாதமாக அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே எனக்கு உதவுபவர் வால் பிளம்வுட். ஆஸ்திரேலியப் பெண்ணியச் சூழலியல் சிந்தனையாளர், சைவ உணவுக்காரர். 1985இல் காக்கடு பூங்காவில் தனியே படகில் போனபோது ஒரு முதலை அவரைப் பிடித்துத் தண்ணீருக்கடியில் மூன்று முறை சுழற்றியது. தப்பித்து, கிழிந்த தொடையோடு ஊர்ந்து வந்து பிழைத்தார். அந்த முதலையைக் கொல்லக்கூடாது என்றார். நானும் ஓர் இரை என்பது அன்று தெரிந்தது, மனிதர் மட்டும் உணவுச் சங்கிலிக்கு வெளியே நிற்பவர் என்ற எண்ணம் பொய் என்று பின்னால் எழுதினார். ஓர் உயிர் உணவாவது அதற்கு இழிவு என்று அவர் நினைக்கவில்லை. உணவு மட்டும்தான் என்று அதைக் குறைப்பதே இழிவு. ஆனாலும் பிளம்வுட்டுக்கும் வேட்டைக்காரருக்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறது. தான் இரையானபோது மன்னித்தவர் அவர். வில் பிடித்தவர் யாரும் அந்த நிலையில் இல்லை. வால்வெள்ளை மான் நம்மைத் தின்னப் போவதில்லை.

ஆல்டோ லியோபால்டு விஸ்கான்சினில் பேராசிரியராக இருந்தவர், வில் செய்பவர். அவருடைய மனைவி எஸ்டெல்லா மாநிலத்தின் பெண்கள் வில்வித்தைப் பட்டம் வென்றவர் என்பதைப் பலர் சொல்வதில்லை. வேட்டைக்காரரின் அறம் தனிப்பட்டது, ஏனென்றால் கைதட்டவோ கண்டிக்கவோ அங்கே பார்வையாளர் இல்லை என்பது லியோபால்டின் கருத்து. நல்ல கருத்துத்தான். ஆனால் பார்வையாளர் இருக்கிறது. 300 பாகையும் பார்க்கிற ஒன்று எதிரே நிற்கிறது. அதைப் பார்வையாளர் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டுப் பேசும் அறம் எனக்குப் போதவில்லை.

அப்படியானால் இந்த வேட்டையில் மதிக்கத்தக்கது ஏதும் இல்லையா? இருக்கிறது, ஆனால் அவர்கள் சொல்லும் இடத்தில் இல்லை. பதினைந்து கெஜம் என்று அவர் தனக்கு ஓர் எல்லை போட்டிருக்கிறார். கடந்த அக்டோபரில் கொழுத்த பெண்மான் ஒன்று இருபது கெஜத்தில், பக்கவாட்டில், எங்களை அறியாமல் நின்றது. கை நன்றாகப் பழகியிருந்த பருவம்; அவரால் அடித்திருக்க முடியும். நான்கு நிமிடம் நாண் இழுக்கப்படாமலே இருந்தது. மான் போய்விட்டது. மற்ற நாள்களிலும் இப்படித்தான்: குறுக்கே ஒரு சுள்ளி, காற்றில் ஒரு மாற்றம், மானின் உடம்பில் ஓர் இறுக்கம், ஏதாவது ஒன்றுக்காக வில்லை இறக்கிவிடுவார். ஆண்டுக்கு முப்பது முறை காட்டுக்குப் போகிறவர் ஓர் அம்புகூட விடாத ஆண்டும் உண்டு. முடியும் என்பதாலேயே செய்துவிடாமல் இருக்கும் கையை நான் அங்கேதான் அருகிலிருந்து பார்த்தேன். அந்த எல்லையை மானுக்காக வைத்திருக்கிறார், தன் பெருமைக்காக அல்ல என்பது எனக்கு எப்படித் தெரியும்? அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. நான் கேட்ட பிறகுதான் சொன்னார்.

ஆனால் இந்தக் கை மற்றொரு நாள் அம்பை விட்டது. எய்யாத இருபத்தொன்பது நாளும் சேர்ந்து எய்த ஒரு நாளுக்கு அனுமதி வாங்கித் தருகின்றனவா? தரவில்லை என்றே நினைக்கிறேன். கவனம் நாம் அந்த உயிருக்குச் செலுத்தவேண்டிய கடன். கடனைக் கட்டினால் கடன் தீரும்; பொருள் நமக்குச் சொந்தமாகாது. வாராவாரம் கடையில் கோழி வாங்குகிற நான் அந்தக் கடனைக்கூடக் கட்டுவதில்லை. எங்கள் வீட்டில் கறி எடுத்து வருவது அப்பா, அலசி மஞ்சள் தடவி இரத்தம் போகக் கழுவுவது அம்மா. பாத்திரத்தில் இருப்பது ஓர் உடல் என்று தெரிந்த கைகள் அம்மாவுடையவைதான். அதைப் பற்றி அவரிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை.

ஆங்கிலத்தில் பன்றி சமையலறைக்குள் வந்ததும் வேறு பெயர் எடுத்துக்கொள்கிறது, மாடும் அப்படியே, மானும் அப்படியே. தமிழில் மான்கறி மான்கறிதான், ஆட்டுக்கறி ஆட்டுக்கறிதான். என் பக்கத்து வீட்டுக்காரரின் உறைபெட்டியில் பொட்டலங்கள் மேல் அந்த ஆங்கிலக் கறிப்பெயர் இல்லை. தடித்த பேனாவால் இப்படி எழுதியிருக்கும்: பெண்மான், செப்டம்பர் 27, மேற்குச் சரிவு, பாலிருந்தது. எனக்கு இரண்டு பொட்டலம் கொடுத்தார். ஒன்றை மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்தேன். அவரையும் கூப்பிட்டேன், காரம் தாங்காமல் மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். இன்னொன்று இன்னும் இருக்கிறது.